தலைக்கு ஓர் அணை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் நிகழ்த்திய உரை)

தலையணையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அழைப்பிதழில் கண்ட நண்பர் சிலர், “தலையணை மந்திரமா?” என்று கேட்டு நகைத்தார்கள். அம்மந்திரத்தை ஓதுவோரையும் ஓதக் கேட்போரையும் இம்மன்றத்தில் அடுத்தடுத்த நாற்காலிகளில் காண்கிறேன். அதைப்பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டுவது ஒன்றுமில்லை. நான் பேச வந்தது மந்திரத்தைப்பற்றி அன்று, வெறும் தலையணையைப்பற்றித்தான். காலையில் எழும்போதே தலைவலியோடும் கழுத்துப் பிடிப்போடும் எழுகின்றவர்கள் தம் தலையணையை எவ்வாறு தெரிந்தெடுக்க வேண்டும் என்பதே என் பொருள்.

நான் மருத்துவன் அல்லேன். நடுவண் அரசின் கணக்குத் துறையில் எண்களைக் கூட்டிக் கழித்து ஓய்வு பெற்றவன். ஆயினும் இந்த ஒரு பொருளில் பேசுவதற்கு எனக்கு உரிமை உண்டு. அவ்வுரிமை எவ்வாறு கிடைத்தது என்பதைப் பின்னர்ச் சொல்லுகிறேன். அது எனக்குப் பெருமை தரும் கதையன்று.

ஔவையார் தம் ஆத்திசூடியில் இலவம்பஞ்சுப் படுக்கையைப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைத்தார். எந்தப் பஞ்சு என்று கூறிய அம்மூதாட்டி, எவ்வளவு உயரம் என்று கூறவில்லை. கடைக்குச் சென்றால் நாமும் அப்படித்தான். கையால் அமுக்கி மென்மையைப் பார்க்கிறோம். உறையின் பூவேலையைப் பார்க்கிறோம். பிறகு விலையைக் கேட்கிறோம். உயரத்தை அளந்து பார்த்து வாங்கியவர் இங்கு எத்தனை பேர்? சட்டைக்குக் கழுத்தளவு சொல்கிறோம். செருப்புக்குக் காலளவு சொல்கிறோம். ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் தலையைத் தாங்கும் பொருளுக்கு மட்டும் அளவு கேட்பதில்லை. வீட்டில் உள்ள ஐவர்க்கும் ஒரே அளவில் ஐந்து தலையணை வாங்கி வருகிறோம்.

‘அணை’ என்னும் சொல்லையே சற்று எண்ணிப் பாருங்கள். அரசனைத் தாங்குவது அரியணை. தலையைத் தாங்குவது தலையணை. தாங்குவதுதான் அதன் தொழில், உயர்த்துவதன்று. படுக்கும்போது உடலுக்கும் படுக்கைக்கும் இடையே கழுத்தருகில் ஓர் இடைவெளி உண்டாகிறது. அவ்விடைவெளியைக் குறையாமலும் மிகாமலும் நிரப்புவதற்கென்றே தலையணை இருக்கிறது. இந்த ஒன்றை மனத்திற்கொண்டால், மற்றவை எல்லாம் இதிலிருந்து தாமே விளங்கும்.

நம் கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உள்ளன. ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான்! ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலையை அவை பகல் முழுவதும் சுமக்கின்றன. இரவில்தான் அவற்றைச் சூழ்ந்த தசைகளுக்கு ஓய்வு. தலையணை மிக உயரமாகவோ மிகத் தாழ்வாகவோ இருந்தால், கழுத்து ஒரு பக்கமாக வளைந்தபடியே ஆறேழு மணி நேரம் கிடக்கிறது. பகலில் எவரேனும் உங்கள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அரை மணி நேரம் அப்படியே இருக்கச் சொன்னால் இருப்பீர்களா? இரவில் அதைப் பல மணி நேரம் செய்கிறோம், உறங்குவதால் தெரிவதில்லை, விடிந்தபின் தெரிகிறது.

“கழுத்து வளைந்தால் கழுத்துத்தானே வலிக்கவேண்டும்; நெற்றி ஏன் வலிக்கிறது? கண்ணுக்குப் பின்னால் ஏன் குடைகிறது?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கழுத்தின் மேற்பகுதியிலிருந்து வரும் முதல் மூன்று நரம்புகளும், நெற்றியிலிருந்தும் கண்ணைச் சூழ்ந்த இடத்திலிருந்தும் வரும் முகத்தின் உணர்வு நரம்பும் மூளைத்தண்டின் அடிப்பகுதியில் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. இரண்டு ஊர்த் தபாற்பைகளை ஒரே மேசையில் கொட்டிப் பிரிப்பது போன்ற நிலை அது. கழுத்தூரிலிருந்து வந்த கடிதத்தை நெற்றியூரிலிருந்து வந்ததாக மூளை படித்துவிடுகிறது. பிடரியில் தொடங்கிப் பின்மண்டை வழியாக ஏறி, ஒரு பக்கத்துக் கண்ணுக்கு மேல் வந்து நிற்கும் தலைவலிக்கு வேர் கழுத்தில் இருக்கக்கூடும் என்பது இதனால்தான். வலிக்கும் இடத்தில் தைலம் தடவிக்கொண்டே இருக்கிறோம். வேரோ வேறிடத்தில் இருக்கிறது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

என் தந்தையார் மறைந்த பின்னர், 2007-ஆம் ஆண்டில், என் அன்னையைத் தில்லிக்கு அழைத்து வந்தேன். போடிநாயக்கனூருக்கு அருகில் எங்கள் ஊர். இலவ மரங்கள் மிகுந்த நிலம் அது. அன்னைக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. மெலிந்த, குறுகிய தோள் கொண்ட உடம்பு. வாழ்நாள் முழுதும் தரையில் கோரைப்பாய் விரித்து, ஆண்டுகள் பலவாகி அமுங்கிப்போன ஓர் இலவம்பஞ்சுத் தலையணையில் ஒருக்களித்துப் படுத்தவர். அத்தலையணையை உடன் கொண்டுவர வேண்டும் என்றார். “அழுக்குப் பிடித்த பழந்தலையணையைத் தில்லிக்கா கொண்டு வருவது?” என்று நான்தான் தடுத்தேன்.

இங்கு வந்ததும், தாய்க்குச் செய்யும் சிறப்பு என்று எண்ணி, உள்ளே அமிழும் மெத்தை ஒன்றும், அதற்கேற்ற பெரிய தலையணை ஒன்றும் வாங்கினேன். என் ஒரு நாள் சம்பளத்துக்கு மேல் அத்தலையணையின் விலை. எட்டு விரற்கடை உயரம். நன்றாக அடைக்கப்பட்டு இறுகியிருந்தது. “எப்படி இருக்கிறது அம்மா?” என்று கேட்டேன். “நல்லாத்தான் இருக்குப்பா” என்றார். அந்தத் ‘தான்’ என்பதன் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை.

ஒரு மாதத்திற்குள் விடியற்காலைத் தலைவலி தொடங்கியது. பிடரியில் எழுந்து வலக்கண்ணுக்கு மேல் வந்து நிற்கும். பத்து மணிக்குமேல் மெல்லத் தணியும். தில்லிக் குளிர் என்றோம். கம்பளிக் குல்லாய் வாங்கினோம். கண் என்றோம், புதுக் கண்ணாடி வாங்கினோம். மூக்கில் நீர்க்கோவை என்றோம். ஆவி பிடிக்கச் செய்தோம். தந்தையாரை நினைத்து ஏங்குகிறார் என்றும் சொல்லிக்கொண்டோம். அதில் உண்மையும் இருந்தது. இவற்றுக்கிடையே நாள்தோறும் ஒரு தலைவலி மாத்திரை. நான்கு மாதம் இவ்வாறு சென்றது.

சனவரித் திங்களில் ஓரிரவு மூன்று மணிக்கு எழுந்தபோது அன்னையின் அறையில் விளக்கெரியக் கண்டு எட்டிப் பார்த்தேன். பெரிய தலையணை சுவரோரம் தள்ளிக் கிடந்தது. பழைய சுங்குடிச் சேலை ஒன்றை நான்காக மடித்துத் தலைக்கு வைத்து உறங்கிக்கொண்டிருந்தார். காலையில் பார்த்தால் சேலை இல்லை. தலையணை தன் இடத்தில் இருக்கிறது. மருமகள் தேநீர் கொண்டு வருமுன் எழுந்து எல்லாவற்றையும் சரிசெய்து வைத்துவிடுவார் போலும். மகன் பணம் போட்டு வாங்கியது. பிடிக்கவில்லை என்று சொன்னால் மனம் வருந்துவான் என்பது அவர் எண்ணம்.

நான் செய்ததைக் கேளுங்கள். “வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள், அம்மா? தாய்க்குத் தலையணைகூட வாங்கித் தரவில்லை என்று பேசமாட்டார்களா?” என்று கடிந்துகொண்டு, அச்சேலையை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். அன்னை ஒன்றும் சொல்லவில்லை. மேலும் இரண்டு மாதம் அந்த எட்டு விரற்கடையின்மேல் படுத்தார்.

பின்னர் ஒரு மருத்துவரிடம் சென்றோம். அவர்தாம் அதுவரை எவரும் கேளாத கேள்வியைக் கேட்டார்: “இரவில் எப்படிப் படுக்கிறார்?” நான் விடை சொல்லத் தொடங்கினேன். அவர் என்னைக் கையமர்த்தி, அன்னையைச் சோதனைக் கட்டிலில் ஒருக்களித்துப் படுக்கச் செய்து, போர்வை ஒன்றை மடித்து மடித்துத் தலைக்கடியில் வைத்துப் பார்த்தார். ஓர் உயரம் வந்ததும் அன்னை தாமாகவே கண்ணை மூடிக்கொண்டார். “இதுதான்” என்றார் மருத்துவர். ஏறத்தாழ நான்கு விரற்கடை. மெத்தை மென்மையாதலால் தோள் அதனுள் அமிழ்ந்துவிடுகிறது. எனவே இடைவெளி சிறிது. சிறிய இடைவெளிக்குப் பெரிய தலையணை வைத்ததால் கழுத்து ஒவ்வோர் இரவும் மேல்நோக்கி ஒடிந்து கிடந்திருக்கிறது என்று விளக்கினார். சேலைக் கதையையும் சொன்னேன். “உங்கள் அன்னை சரியாகத்தான் மருத்துவம் செய்துகொண்டிருந்தார், நீங்கள் அதைப் பெட்டியில் பூட்டிவிட்டீர்கள்” என்றார்.

மற்றொன்றையும் அவர் கூறினார். தலைவலி மாத்திரையை மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்திற்கு மேலாக உண்டுவந்தால், அம்மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கிவிடும். பல மருந்துகள் சேர்ந்த மாத்திரையானால் பத்து நாளே போதும். இதைக் கேட்டபோது என் கை நடுங்கியது. அவருடைய மேற்பார்வையில் மாத்திரையை நிறுத்தினோம். முதற் பத்து நாளும் வலி முன்னிலும் மிகுந்தது. அன்னை பட்ட துன்பத்தைக் காணப் பொறுக்கவில்லை. அதன்பின் குறைந்தது. முற்றிலும் நீங்கியது என்று சொன்னால் பொய்யாகும். கழுத்தெலும்பு மூட்டுகளில் வயதின் தேய்மானம் இருந்தது. அதைத் தலையணை என்ன செய்யும்? ஆனால் வாரத்தில் ஏழு நாளும் வந்த வலி, மாதத்தில் இரண்டு மூன்று நாளாயிற்று.

புதுத் தலையணை செய்த நாளை நான் மறக்கமாட்டேன். மாசி பங்குனியில் தில்லித் தெருக்களில் செக்கச்செவேலென்று பூத்து நிற்கும் செமல் மரம் நம் முள்ளிலவுதான் என்பதை அன்னையே எங்களுக்குக் காட்டினார். சித்திரை வைகாசியில் காய் வெடித்துப் பஞ்சு காற்றில் பறந்தபோது, ஊருக்கே வந்துவிட்டதுபோல் மகிழ்ந்தார். இலவு காத்த கிளிக்குப் பஞ்சு ஏமாற்றம். எங்கள் அன்னைக்கு அதுவே விருந்து. அப்பஞ்சுதான் வேண்டும் என்றார். குளிர்காலத் தொடக்கத்தில் ரஜாய் அடித்துக் கொடுக்கத் தெருத்தெருவாக வருவாரே, பஞ்சடிப்பவர், அவரை அழைத்தோம். எங்கள் அரசுக் குடியிருப்பு கீழ்த்தளம். முன்னால் சிறு முற்றம். அவர் கயிற்றுக் கட்டிலை இழுத்துப்போட்டு அதில் படுத்துப் பார்க்கச் சொன்னார். என் மனைவி, “அத்தை படுப்பது மெத்தையில், கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்கிறது, இந்த அளவு அங்கே பொருந்தாது” என்று தடுத்து, மெத்தையையே வெளியே கொண்டுவந்து விரிக்கச் செய்தாள். நான் கணக்குத் துறையில் இருந்தேன்; அவளுக்குத்தான் கணக்குத் தெரிந்திருந்தது.

அன்னை படுப்பார், தலையை அசைத்துப் பார்ப்பார், கையால் ‘குறை’ என்று காட்டுவார். அவர் ஒரு பிடிப் பஞ்சை எடுப்பார். மீண்டும் படுப்பார். தமிழில் ஒரு சொல்லும் அறியாத அவரும் இந்தியில் ஒரு சொல்லும் அறியாத அன்னையும் அரை மணி நேரம் இவ்வாறு உரையாடினார்கள். இறுதியில் அன்னை நான்கு விரலை உயர்த்திக் காட்டிச் சிரித்தார். அவர் எடுத்த பஞ்சைத் திருடிவிடாமல் ஒரு துணியில் முடிந்து, “இது அமுங்கும்; அமுங்கும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று கொடுத்துச் சென்றார். பஞ்சின் இயல்பை அறிந்த சொல் அது. 2016-இல் அன்னை மறையும்வரை அந்த முடிச்சிலிருந்து ஆண்டுக்கொரு பிடி சேர்த்துக்கொண்டிருந்தோம்.

இக்கதையைக் கேட்டு, ‘தாழ்ந்த தலையணையே எல்லார்க்கும் நல்லது’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ‘கழுத்து வலியா? தலையணையையே எறிந்துவிடு’ என்று நம்மவரிடையே ஓர் அறிவுரை நெடுநாளாக உலவுகிறது. என் நண்பர் ஒருவர் அதைக் கேட்டு எறிந்துவிட்டார். அவர்க்கு முதுகின் மேற்பகுதி சற்றே கூனியிருக்கும். அத்தகையோர் தலையணையின்றி மல்லாந்து படுத்தால் தலை பின்னுக்குச் சரிந்து, மோவாய் வானத்தை நோக்கி நிற்கும். இரண்டு வாரத்தில் வலி இருமடங்காயிற்று. அவர்க்கு வேண்டியது உயரமான தலையணை. ஒருவர்க்கு மருந்தானது மற்றவர்க்கு நஞ்சாகிறது, இரண்டும் பஞ்சுதான்.

ஆகவே அளக்கும் முறையைச் சொல்லுகிறேன். செலவில்லாத முறை. குளியல் துவாலைகள் நான்கை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நாள்தோறும் படுக்கும் அதே படுக்கையில், வழக்கமாகப் படுக்கும் நிலையில் படுங்கள். ஒருக்களித்துப் படுப்பவரானால், வீட்டில் உள்ளவர் ஒருவர் எதிரே நின்று பார்க்கட்டும்: மூக்கும் மோவாயும் மார்பின் நடுவும் ஒரே கோட்டில் அமையவேண்டும். தலை மேலே தூக்கினாற்போலும் இருத்தல் கூடாது. கீழே தொங்கினாற்போலும் இருத்தல் கூடாது. அக்கோடு அமையும்வரை துவாலையை மடித்து அடுக்குங்கள். மல்லாந்து படுப்பவர்க்கு இவ்வளவு உயரம் வேண்டா. முகம் நேரே கூரையை நோக்கினால் போதும். மோவாய் மார்பில் இடித்தால் உயரம் மிகுதி. அந்த அடுக்கிலேயே ஐந்தாறு இரவு உறங்கிப் பாருங்கள். காலையில் கழுத்து எளிதாகத் திரும்பினால், அந்த உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். தலை வைத்தால் தலையணை அமுங்கும் என்பதையும் மறவாதீர்கள். அமுங்கியபின் நிற்கும் உயரமே உயரம்.

தோள் அகன்றவர்க்கு மிகுதியாகவும் குறுகியவர்க்குக் குறைவாகவும் வேண்டும். கடினமான படுக்கையில் ஒருக்களிப்பவர்க்கு மிகுதியாகவும், அமிழும் மெத்தையில் குறைவாகவும் வேண்டும். மெத்தையை மாற்றினால் தலையணையையும் மீண்டும் அளக்கவேண்டும். தலையணை தோளுக்கு அடியில் புகுதல் ஆகாது. தோள் படுக்கையின்மேல், கழுத்தும் தலையும் தலையணையின்மேல். குப்புறப் படுப்போர்க்கு எந்தத் தலையணையும் உதவாது. மூச்சு விடுவதற்காகக் கழுத்தை முழுதும் ஒரு பக்கம் திருப்பியே ஆகவேண்டும். அப்பழக்கத்தை மெல்ல விடுவதே வழி.

எதனால் ஆன தலையணை என்னும் கேள்விக்கு நான் இரண்டாம் இடமே தருவேன். சாதாரணப் பருத்தி கட்டிதட்டி மேடுபள்ளமாகும். ஆண்டுக்கொருமுறை அடித்து நிரப்பவேண்டும். இலவம்பஞ்சு மெல்லியது, குளிர்ச்சியானது. ஆயின் நாளடைவில் நொறுங்கித் தூளாகும். இறகுத் தலையணையில் தலை வைத்ததும் இறகு இரு பக்கமும் ஒதுங்கிவிடுகிறது. ஒருக்களித்துப் படுப்பவர்களை வைத்து ஆஸ்திரேலியாவில் ஆய்ந்து 2009-ஐ ஒட்டி வெளியிட்ட கட்டுரைகளில் இறகுத் தலையணையே கடைசியாக வந்தது. காலைத் தலைவலிக்கு இரப்பர்ப் பாலினால் ஆன தலையணை நன்றெனக் கண்டார்கள். அழுத்தினால் குழிந்து மெல்ல நிமிரும் நுரைத் தலையணை இப்போது எங்கும் விற்கிறது. 1960-களில் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் பணிக்காக, விமான இருக்கைக்கென்று ஆக்கப்பட்ட பொருள் அது. தில்லியில் இருப்போர் ஒன்றை அறியவேண்டும்: அந்நுரை குளிரில் இறுகும், வெப்பத்தில் இளகும். மே மாதத்தில் கடையில் அமுக்கிப் பார்த்து வாங்கியது, சனவரியில் செங்கல்லாகத் தோன்றினால் கடைக்காரரை நோகவேண்டா. நடுவில் பள்ளமும் இருபுறமும் மேடும் கொண்டதை வாங்கினால், மேடு உங்கள் கழுத்துக்குழியில் வந்து பொருந்துகிறதா என்று படுத்துப் பார்த்தே வாங்குங்கள். ‘மருத்துவர் பரிந்துரைத்தது’ என்று உறையில் அச்சிட்டிருப்பதை நம்பவேண்டா. அந்த மருத்துவர் உங்கள் தோளைப் பார்த்தவரல்லர்.

இங்குள்ள பாட்டிமார்களுக்கு ஒரு சொல். வட நாட்டில் கைக்குழந்தைக்குக் கடுகு நிரப்பிய தலையணை வைக்கும் வழக்கத்தைப் பார்த்து நம்மவரும் செய்கிறார்கள். ஓராண்டு நிறையாத குழந்தைக்கு எந்தத் தலையணையும் வேண்டா. மூச்சு முட்டும் இடர் உண்டு.

தலையணையின்மேல் பழிபோடக் கூடாத தலைவலிகளும் உள்ளன. இதை விரைவாகச் சொன்னாலும் கவனமாகக் கேளுங்கள். இடி இடித்தாற்போல் திடீரென்று வரும் கடுந்தலைவலி. காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வருவது. கை கால் மரத்தல், வலுவிழத்தல், நடை தள்ளாடல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் ஆகியவற்றோடு வருவது. ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்குவது. விழுந்து அடிபட்டபின் வருவது – இவற்றுக்குத் துவாலை மடித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உரக்கக் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று, காலையில் தலைவலியோடு எழுபவர்க்கு உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் இருக்கக்கூடும். நம் தலைநகர்க் குளிருக்கே உரிய ஒன்றும் உண்டு. கதவு சன்னல்களை அடைத்துக்கொண்டு கரியடுப்பை உள்ளே மூட்டி உறங்கிய வீட்டில், காலையில் எல்லார்க்கும் ஒன்றாகத் தலை வலித்தால், அது அடுப்பின் நச்சுக்காற்று. அன்று தலை வலித்து எழுந்தவர்கள் நற்பேறு பெற்றவர்கள். குளிர்காலந்தோறும் எழாமலே போனவர்களைப்பற்றி நாளிதழில் படிக்கிறோம்.

எனக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். குழந்தைகளும் சலங்கை கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். மேடைக்குப் பின்னுள்ள அறையில் ஒரு மெத்தையும் நான்கு துவாலைகளும் ஓர் அளவுகோலும் வைத்திருக்கிறேன். தாய்மார்களுக்கு அளந்து சொல்ல என் மனைவி அங்கே இருக்கிறாள், ஆடவர்க்கு நான். நாட்டியம் முடிந்ததும் வாருங்கள். உங்கள் வீட்டில் ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் முதியோர் இருந்தால், அவர்களையும் அழைத்து வாருங்கள். “நல்லாத்தான் இருக்கு” என்று அவர்கள் சொன்னாலும் அழைத்து வாருங்கள்.